பழைய சொகுசு கார்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களைப் படிக்கும்போது, புதிதாக இருந்த காலத்தில் 40, 50 இலட்சத்துக்கு விற்ற ஜெர்மன் கார்கள் இப்போது ஐந்தாறு இலட்சத்துக்குக் கிடைப்பதாக அடிக்கடி காண்கிறேன். ஒரு புதிய சின்னக் காரின் விலைக்குள் பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ வாசலில் வந்து நிற்கும் என்றால் யாருக்கும் சபலம் தட்டத்தான் செய்யும். அப்படிச் சபலப்பட்டு வாங்கி நான்கு ஆண்டுகள் யானையைக் கட்டித் தீனி போட்டவன் என்ற முறையில், வாங்க நினைக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2016-இல் மாட்டுத்தாவணிப் பக்கம் இருந்த ஒரு கார் கன்சல்டிங்கில், டெல்லிப் பதிவெண் கொண்ட, 11 ஆண்டுகள் ஓடிய டீசல் சொகுசு கார் ஒன்றை 4.25 இலட்சத்துக்கு வாங்கினேன். மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டியது. நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, "வெயிலா இருக்கே சார், உங்களுக்காக ஏ.சி. போட்டு வச்சிருக்கேன்" என்றார் விற்றவர். அந்த உபசாரத்தில் குளிர்ந்துபோய், ஒத்தக்கடை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அன்று மாலையே முன்பணம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் போனபோது, வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பின்னாலிருந்து யாரோ உதைப்பதுபோல் குலுக்க ஆரம்பித்தது. பிறகு சேஸ் எண்ணைக் கொடுத்து விசாரித்ததில், நான் வாங்குவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அந்தக் கார் 1,60,000 கிலோமீட்டரைக் கடந்திருந்தது தெரியவந்தது. கியர்பாக்ஸுக்கு மட்டும் 1.80 இலட்சம் செலவானது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் மனைவி சொன்னபோது மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை.

எனவே காரைப் பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, நான் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். இரவு முழுவதும் நின்று ஆறிய எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆகும் முதல் நிமிடத்தில் வெளிவரும் உண்மை, பிறகு எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் வெளிவராது. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே கசிகிறது. 2007-க்குப் பின் சில ஆண்டுகள் வந்த பி.எம்.டபிள்யூ 2 லிட்டர் டீசல் எஞ்சினில் எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி அமைந்திருப்பதால், அங்கிருந்து சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் அதைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டிய நிலை வரும். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள கார் என்றால், இரவில் நிமிர்ந்து நின்ற வண்டி விடிந்ததும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குளிர்ந்த எஞ்சின் சொல்லாததைச் சூடான கியர்பாக்ஸ் சொல்லும் என்பதால், பத்து நிமிட ஓட்டம் போதாது. மேலூர் நான்குவழிச் சாலையில் போய்வந்து, பின்னர் நண்பகல் வெயிலில் ஏ.சி.யோடு கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் ஊர்ந்து, ஆக முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று பலர் சொல்வார்கள், ஆனால் பி.எம்.டபிள்யூ உள்ளிட்ட கார்களுக்கு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்ற பதில் வந்தால், விலையில் அந்தச் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

எந்த மாடலுக்கு எந்த நோய் உண்டு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2002-இல் வந்த பென்ஸ் இ கிளாஸில் சென்சோட்ரானிக் என்னும் மின்னணு பிரேக் அமைப்பு இருந்தது. எத்தனை முறை பிரேக் பிடிக்கிறோம் என்பதை அதுவே எண்ணிவந்து, குறிப்பிட்ட எண்ணிக்கை நிறைந்ததும் தன்னை மாற்றச் சொல்லி எச்சரிக்கும். 2004-இலும் 2005-இலும் இந்த அமைப்புக்காக இலட்சக்கணக்கான கார்களை நிறுவனம் உலகெங்கும் திரும்ப அழைத்தது. 2006-இல் மாடலைப் புதுப்பித்தபோது அதைக் கைவிட்டுப் பழைய முறைக்கே திரும்பியது. ஆகவே ஒரே தோற்றம் கொண்ட 2005 காருக்கும் 2007 காருக்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தாலும், பின்னதையே தேடுவது புத்திசாலித்தனம். அது 2007 என்று விளம்பரம் சொல்வதை நம்பாமல், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும்.

மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவாகும் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் இந்தக் கார்களை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்குச் சமம். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவான கருவி உதவாது; பிரேக், ஏர்பேக், கியர்பாக்ஸ் என எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் படிக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கை, அவர் கேட்கும் கூலியைக் கொடுத்து, விற்பவரின் ஆளாக இல்லாமல் நம்முடைய ஆளாக அழைத்துப் போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியிலும் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். பல ஜெர்மன் கார்களில் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் டிக்கியின் அடியிலோ கால்மிதிக் கம்பளத்தின் அடியிலோ இருப்பதால், ஒரு முறை நீர் புகுந்த கார் ஓராண்டு கழித்துக்கூடக் கோளாறு காட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். டயரைப் பொறுத்தவரை, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம்.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்த கார்கள் ஏராளம். அவற்றை வாங்குவதாக இருந்தால் முதலில் பதிவான அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று கையில் இருக்கிறதா, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் நீக்கப்பட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள்கால வரி எவ்வளவு என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டறிய வேண்டும். நாம் கொடுத்த ஐந்து இலட்சத்தை வைத்தல்ல, புதிதாக இருந்தபோது அந்தக் காருக்கு இருந்த விலையையும் அதன் வயதையும் வைத்தே அந்த வரி கணக்கிடப்படுகிறது என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிகிறது. 15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கார் விளம்பரங்களில் 'மாடல்' என்று ஓர் ஆண்டை மட்டும் போடுவதற்குப் பதிலாக, தயாரிப்பு மாதமும் ஆண்டும், முதலில் பதிவான மாநிலம், இதுவரை எத்தனை உரிமையாளர்கள் என்ற மூன்றையும் விளம்பரதாரரிடம் கேட்டு வாங்கி வெளியிட்டால், 'சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ்' என்ற அந்தப் பழைய வரிக்கு இவ்வளவு வேலை இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.