ப்ரொம்ஃபோர்டில் குடிபோகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

புது வீட்டுச் சாவி கிடைத்தது அம்மாவுக்கும் எனக்கும் பெரிய சந்தோசம். நீ விலாசம் சொல்லும்போது "ப்ரொம்ஃபோர்டா?" என்று இரண்டு தரம் கேட்டேனே, அப்பாவுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பாய். விசயம் வேறு. அந்த இடம் ஒரு காலத்தில் பேர்மிங்ஹாம் குதிரைப் பந்தயத் திடல். 1965 ஜூனில் கடைசிப் பந்தயம் ஓடியது. அப்புறம் அதன்மேல் வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் எழும்பின. உன் பக்கத்தில் ரெனால்ட்ஸ்டவுன் வீதி என்று ஒன்று இருக்கும், பார். 1935இலும் 1936இலும் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தடைதாண்டும் பந்தயத்தை வென்ற குதிரையின் பெயர் அது.

இத்தனை வருடம் பந்தயக் காசு கட்டுகிற பெட்டிங் கடையில் நின்றவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா? எங்கள் கடைக்கு வந்த கிழவர்களுக்குப் பந்தயம் ஒரு சாட்டு, பழங்கதை பேசத்தான் வருவார்கள். ஒருவர் சின்னப் பென்சிலைப் பிடித்தபடி, சீட்டை நிரப்பாமல், அலெக்ஸாண்ட்ரா பார்க்கைப் பற்றியே கதைப்பார். லண்டனுக்குள்ளேயே, அலெக்ஸாண்ட்ரா பேலஸ் குன்றின் அடிவாரத்தில் இருந்த திடல். கைப்பிடி வைத்த தாச்சி மாதிரி வடிவம், பட்டப்பெயரும் அதுவேதான். நீளமான பந்தயம் கூட்டத்துக்கு முன்னாலேயே தொடங்கும். குதிரைகள் கைப்பிடி வழியாகப் போய், வட்டத்தைச் சுற்றி, வந்த வழியே திரும்பி வரும். சீட்டின் பின்பக்கம் அதைக் கீறி, வளைவு எங்கே மோசம் என்று பென்சிலால் குத்திக் காட்டுவார். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆத்திரம் பொங்கும். 1970இல் அதையும் மூடிவிட்டார்கள்.

"உங்கள் கடைகள்தான் எங்கள் திடல்களைக் கொன்றன" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார். கொஞ்சம் உண்மைதான். 1961 மே மாதம் வரை கையில் காசு வைத்துச் சட்டப்படி பந்தயம் கட்ட வேண்டுமென்றால் திடலுக்குத்தான் போக வேண்டும். (தெருமுனையில் களவாகக் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள், அது வேறு கதை.) கடை வந்த பிறகு மழைக்குள் யார் போவார்? ஆனால் என்னைக் கேட்டால் பெரிய காரணம் நிலம். தேம்ஸ் கரையில் ஹர்ஸ்ட் பார்க் என்று ஒரு திடல். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள் 1913இல் அதன் பார்வையாளர் மண்டபத்துக்குத் தீ வைத்தார்கள். திரும்பக் கட்டி, 1962 வரை ஓட்டினார்கள். நெருப்பால் முடியாததை வீட்டுமனைக்காரர்கள் முடித்தார்கள். நாம் மாமாவை ஏற்றப் போய் நின்ற கேட்விக் விமான நிலையமும் ஒரு காலத்தில் திடல்தான். முதல் உலகப் போரில் 1916 முதல் 1918 வரை கிராண்ட் நேஷனலுக்குப் பதிலான பந்தயம் அங்கேதான் ஓடியது.

நான் கண்ணால் கண்டது ஃபோக்ஸ்டனை மூடியதைத்தான். 2012 டிசம்பர், கென்ட்டில் மிஞ்சியிருந்த கடைசித் திடல். வெஸ்டன்ஹேங்கர் நிலையத்தில் இறங்கினால் திடல் பக்கத்திலேயே. குதிரைகள் எங்களைத் தாண்டும்போது ஜாக்கிகளின் சட்டை என்ன நிறம் என்றே தெரியவில்லை, அவ்வளவு சேறு. எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா நிகழ்ச்சிப் புத்தகம் நனையாமல் கோட்டுக்குள் செருகி வைத்திருந்தா. யாரும் அழுததாகத் தெரியவில்லை. பந்தயக் காசு வாங்கும் புக்கிகள் வழமைபோலப் பலகையைக் கழற்றி வேனில் ஏற்றினார்கள், சனம் ரயிலைப் பிடிக்க ஓடியது. எனக்கு இருபது பவுண் போனது. அது அம்மாவுக்குத் தெரியாது.

சரி, மார்ச் கடைசியில் அங்கே வருகிறோம். வீடு பார்த்த கையோடு என்னை லிங்கன் நகரத்துக்குக் கூட்டிப் போ. ஒவ்வொரு வசந்தத்திலும் லிங்கன் பந்தயத்துக்குச் சீட்டு வாங்கிப் போட்டவன் நான். 1964இல் லிங்கன் திடலை மூடியதிலிருந்து அந்தப் பந்தயம் ஓடுவது டொங்காஸ்டர் ஊரில். லிங்கனுக்கு வெளியே புல்வெளியில் திடலின் பழைய மண்டபம் இன்னும் ரோட்டோரமாக நிற்கிறது. சும்மா மேய்கிற குதிரைகளும் உண்டு. அம்மாவிடம் கதீட்ரல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லு. அதையும் பார்ப்போம், பொய்யாகாது. மிளகாய்த்தூள் எத்தனை பை வேணும் என்று அம்மா கேட்கிறா, மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா