மருத்துவப் பதிவைத் திறந்தவர் யார் என்பதை நோயாளியே அறிய வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற எழுத்தர்,
மருத்துவப் பதிவுப் பிரிவு.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
சுகாதாரத் துறை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: மின்னணு மருத்துவப் பதிவுகளைப் பார்வையிட்டவர்களின் விவரத்தை அந்தந்த நோயாளிக்குத் தரக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முதல் பாதி காகிதத்தோடு போனது, பின்பாதி கணினியோடு.

காகிதக் காலத்தில் ஒருவருடைய கேஸ் ஷீட் வார்டுக்குப் போனால், அது இருந்த இடத்தில் ஓர் அட்டையைச் செருகி வைப்போம். வாங்கியவர் யார், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும். அட்டை வைக்க மறந்தாலும் அலமாரியில் ஒரு சந்து விழுந்திருக்கும். கோப்பு வெளியே போயிருக்கிறது என்பது பார்த்ததும் தெரியும். கணினியில் சந்து விழுவதில்லை. நூறு பேர் திறந்து படித்துவிட்டு மூடினாலும் பதிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பார்த்தவர்களின் தடம் உள்ளே எங்கோ பதிவாகிறது என்கிறார்கள். பதிவாகட்டும்; அதை யாராவது எடுத்துப் படித்ததுண்டா? என் பணிக்காலத்தில், புகார் வந்து விவகாரம் முற்றிய பிறகு தவிர, ஒரு நாளும் படித்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தடத்தை நோயாளியின் கையில் கொடுங்கள் என்பதே இந்த மனுவின் ஒரே கோரிக்கை.

இதை நான் கேட்கக் காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்மணியின் மகள் மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டாள். மூன்றாம் நாள், அந்தப் பிரிவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் அந்தத் தாயிடம் வந்து, மாத்திரையின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார். அக்கறையில் கேட்டதாகவே இருக்கலாம். தாய் புகார் கொடுத்தார். தடத்தை எடுத்துப் பார்த்தபோது எல்லாப் பார்வைகளும் ஒரே பெயரில் இருந்தன. வார்டில் ஒரே கணினி, தலைமைச் செவிலியரின் கடவுச்சொல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அது திரையின் ஓரத்தில் ஒட்டியும் இருந்தது. விசாரணை அதோடு முடிந்தது. அந்தப் பெண் பிறகு சிகிச்சைக்கு எங்கள் மருத்துவமனைக்கு வரவே இல்லை.

பின்லாந்தில் ஒரு செவிலியருக்கும் இதே கதிதான். கண் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, அதே மருத்துவமனையில் எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுவந்தார். சக ஊழியர்கள் தன் பதிவைப் படித்துவிட்டார்கள் என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. பார்த்தவர்கள் யார் என்று கேட்டார். அங்கிருந்த முறையில் கடைசி ஐந்து பார்வைகள் மட்டுமே நிற்கும். அதிலும் பிரிவின் பெயர் இருக்குமே தவிர ஆளின் பெயர் இருக்காது. ஆதாரம் இல்லை என்று உள்நாட்டு நீதிமன்றங்களில் அவர் வழக்கு தோற்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலை 17 அன்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பார்த்தவரைக் கண்டுபிடிக்க முடியாதபடி பதிவுமுறையை வைத்துக்கொண்டு, நிரூபிக்கும் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றக்கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பின்னால் இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தால் போதாது, முறையற்ற பார்வையை முன்கூட்டியே தடுக்கும் ஏற்பாடும் வேண்டும் என்றது நீதிமன்றம்.

பதிவுகளைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை நான். மயங்கிய நிலையில் வருபவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று பணி மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டும். ஆய்வகம், மருந்தகம், காப்பீட்டுக் கணக்கு, தொற்றுநோய் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் பதிவு தேவைதான். பிரிட்டனில் நோயாளி விவரங்களைக் கையாள 1997இல் ஃபியோனா கால்டிகாட் குழு வகுத்த நெறிகளோடு 2013இல் ஏழாவதாக ஒன்று சேர்ந்தது: ரகசியம் காப்பது எவ்வளவு முக்கியமோ, சிகிச்சைக்காகத் தகவலைப் பகிர்வதும் அவ்வளவு முக்கியமாகலாம் என்று. நானும் அந்தக் கட்சிதான். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் திறக்கட்டும். திறந்தவர் காரணத்தை ஒரு வரி எழுதட்டும், அந்த வரி நோயாளிக்கும் தெரியட்டும்.

எஸ்டோனியாவில் 2008 முதல் நாடு தழுவிய மின்னணு மருத்துவப் பதிவுமுறை இயங்குகிறது. அங்கே தன் பதிவை யார் பார்த்தார்கள் என்பதை நோயாளி இணையத்தில் தானே பார்த்துக்கொள்ளலாம். சின்ன நாடு, அங்கே எளிது என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் வங்கிக் கணக்கில் எந்தத் தொகை எப்போது போனது என்று உடனுக்குடன் காட்டும் ஏற்பாடு எவ்வளவு பெரிய நாட்டிலும் நடக்கிறது. பணத்துக்கு முடிவது நோய்க்கு ஏன் முடியாது?

பெயர் வெளியானால் ஊழியர்களுக்குத் தொல்லை வரும் என்று மருத்துவர்கள் தரப்பில் ஆட்சேபம் எழலாம். அதில் நியாயம் உண்டு. மனநலப் பிரிவு, வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான பிரிவு போன்ற இடங்களில் பெயருக்குப் பதில் பணி எண்ணைக் காட்டலாம். புகார் வந்தால் விசாரணை அதிகாரி பெயரைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்ற இடங்களில் பெயரே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காகித அட்டையில் நாங்கள் எல்லோரும் பெயர் எழுதித்தான் கையெழுத்துப் போட்டோம்.

ஆய்வுக்காக வெளியே போகும் தொகுப்புகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பெயரை நீக்கிவிட்டோம், இனி யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990களில் அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவை அப்படித்தான் பெயர் நீக்கிக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு, அந்த மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார். ஆகவே என் விவரம் எந்த ஆய்வுக்கு, எந்த நிறுவனத்துக்குப் போனது என்பதும் என் பட்டியலில் ஒரு வரியாக வர வேண்டும்.

பதிவு வெளியே கசியும் என்று பயப்படுகிறவர் மருத்துவரிடமே மறைப்பார். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதைச் சொல்லாமல் விட்டவருக்கு வலிக்கு டிரமடால் எழுதிக் கொடுத்தால் வலிப்பு வரவும் வாய்ப்பு உண்டு. எழுதியவர்மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே, ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனி நுழைவுப்பெயர் இருக்கவும், ஒருவருடைய கடவுச்சொல்லை மற்றவர் பயன்படுத்துவதைத் தடுக்கவும் முதலில் ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாமல் மீதி எதைச் செய்தாலும் வீண். அடுத்து, பார்த்தவர், பதவி, நாள், நேரம், பார்த்த பகுதி, காரணம் ஆகியவை சாதாரண மனிதருக்குப் புரியும் மொழியில் நோயாளிக்குக் கிடைக்க வேண்டும். கணினி எண்களும் குறியீடுகளும் நிரம்பிய தாளை நீட்டிவிட்டு, கொடுத்துவிட்டோம் என்று சொல்லக்கூடாது. செல்பேசி இல்லாதவருக்குப் பதிவுப் பிரிவில் கட்டணமின்றி அச்சிட்டுத் தரவும், படிக்கத் தெரியாதவருக்குத் தனியே அமர்த்திப் படித்துக் காட்டவும் வேண்டும். நோயாளியைத் தவிர வேறு எவரிடமும், கணவரோ மனைவியோ ஆனாலும், அவர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் இதைக் கொடுக்கக்கூடாது. வீட்டுக்குத் தெரியாமல் சிகிச்சை பெறுகிறவர்களுக்குச் சில சமயம் உயிரே அந்த மறைவில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு, என் சொந்த மருத்துவப் பதிவை இதுவரை யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டு, நான் சிகிச்சை பெறும் மருத்துவமனையில் ஒரு கடிதம் கொடுத்தேன். அப்படிக் கேட்பதற்குப் படிவம் எதுவும் இல்லை என்று அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படிவத்தைத் தங்கள் துறை உருவாக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: திருப்பித் தரப்பட்ட கடிதத்தின் நகல் – 1.