பாதுகாப்புப் பணிகள் நிறைவு: உறுப்பினர்களுக்குப் பணிக்குழுவின் அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதப் பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்ற, நம் குடியிருப்பின் திருட்டுத் தடுப்புப் பணிகள் பொங்கலுக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்டன. கோயில் வேலையைத்தான் திருப்பணி என்பது வழக்கம். வசூலுக்காக 62 வீட்டுப் படியும் ஏறி இறங்கிய எங்களுக்கு இதுவும் திருப்பணிதான்.

நுழைவாயிலிலும் தெருமுனைகளிலும் 9 கேமராக்கள் பொருத்தியிருக்கிறோம். பணத்தில் பெரும்பகுதி இதற்கே போனது, முதல் தவறும் இதில்தான் நடந்தது. கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னோம். பதிவைப் பார்த்தால் எல்லோருடைய உச்சந்தலையும் தெரிந்தது, ஒருவர் முகமும் தெரியவில்லை. வாயிலில் இரண்டைக் கீழே இறக்கிய பிறகே சரியானது. அடுத்து வந்தது சிலந்தி. இரவில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. இருட்டில் படம் பிடிக்கக் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டால் திரை முழுக்க வெண்புகைதான். செலவுக் கணக்கில் ‘ஒட்டடைக்கம்பு, ரூ. 180’ என்று இருப்பது இதற்காகத்தான். பதிவுப் பெட்டியைக் காவலர் அறையில் வைக்காமல், சங்க அறையில் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம். திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போனால் கேமரா இருந்து என்ன பயன்?

உண்மையில் பயன் தந்த வேலை கதவுகளில் நடந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் திருட வருகிறவன் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை, நாதாங்கியை நெம்புகிறான். ஒரு வீட்டில் தச்சர் திருகாணியில் ஸ்குரூடிரைவரை வைத்தார். திருப்பவே வேண்டியிருக்கவில்லை, மரத்தூளோடு கையில் வந்துவிட்டது. அரை அங்குலத் திருகாணி, உளுத்த கதவுநிலை; அதில் தொங்கியதோ ஆயிரம் ரூபாய்ப் பூட்டு! இப்போது 51 வீடுகளில் நிலையைத் துளைத்து, உட்புறம் நட்டு வைத்து போல்ட் முடுக்கியாகிவிட்டது. மற்ற வீடுகளில் உரிமையாளர்களின் சம்மதம் வர வேண்டும்.

நகைகளுக்குப் பொதுப் பெட்டகம் கேட்டவர்களுக்கு: குழு அதை ஏற்கவில்லை. எல்லா நகையையும் ஓரிடத்தில் குவிப்பது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும். வங்கி லாக்கரே நல்லது. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 முதல், லாக்கரில் திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். நகையின் மதிப்பு முழுவதும் அதில் அடங்காது. ரசீதையும் புகைப்படத்தையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

வெளியூர் செல்பவர்கள் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தால் ரோந்து வருபவர்கள் பூட்டிய வீட்டைக் கவனித்துக்கொள்வார்கள். இதற்கென நாங்கள் முதலில் வாயில் மேசையில் ஒரு நோட்டு வைத்தோம். யார் வீட்டில் எத்தனை நாள் ஆளில்லை என்பதை வருகிறவர் போகிறவரெல்லாம் புரட்டிப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. இப்போது அது செயலாளரிடம் மட்டும் இருக்கிறது.

பின்மதில் ஓரத்து விளக்கும் பாக்கி, மனு கொடுத்திருக்கிறோம். கையிருப்பு ரூ. 6,340. வரவு செலவு விவரம் பொருளாளரிடம் பார்வைக்கு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தச்சரோடு சென்றபோது 7 வீடுகளின் சாவியை நாங்களே கண்டுபிடித்தோம்: நான்கு செருப்பு அலமாரியில், இரண்டு பூந்தொட்டிக்கு அடியில், ஒன்று மீட்டர் பெட்டியின் மேல். அந்த ஏழு வீட்டாரும் இன்றே இடத்தை மாற்றிவிடுங்கள்.

இவண்,
பணிக்குழுவினர்