நானோ உரம் வாங்கும் முன் மண்வள அட்டையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் வேளாண் பக்கத்தில், மிக நுண்ணிய துகள்களாகத் தயாரிக்கும் நானோ துத்தநாகம், நானோ தாமிரம் ஆகிய உரங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை மில்லி, எந்தப் பருவம் என்றெல்லாம் இருந்தது. எந்த மண்ணுக்கு என்பது மட்டும் இல்லை.

எனக்குப் பண்ருட்டி பக்கம் செம்மண் மேட்டில் பலாவும் முந்திரியும், கெடிலம் ஆற்றங்கரை வண்டலில் கத்தரியும் மிளகாயும். பலாப்பிஞ்சு அழுகலுக்கும் மிளகாய்க்கும் பல வருடமாகக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியைத்தான் அடிக்கிறேன். தெளிப்பானைக் கழுவி ஊற்றுவது மேட்டில் ஒரு பலாமரத்தடியில். கரையில் மோட்டார் கொட்டகை ஓரத்தில். மழை பெய்த மறுநாள் பார்த்தால் கொட்டகை ஓரமெங்கும் மண்புழு தள்ளிய மண் குருணை குருணையாகக் கிடக்கும். அந்தப் பலாமரத்தடியில் ஒன்றுகூட இருக்காது. அடுத்த பலாவின் அடியில் இருக்கிறது! மண்வள அட்டையை எடுத்துப் பார்த்தேன். கார அமில நிலை (pH) கரையில் 7.4, மேட்டில் 5.2. அந்த எண் ஒன்று குறைந்தாலே அமிலம் 10 மடங்கு கூடும் என்பதால், இது 100 மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம்.

என் தகப்பனார் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தயாரிப்பது நினைவுக்கு வருகிறது. 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. கலக்கி முடித்ததும் கருக்கரிவாளை அதில் முக்கி எடுப்பார். அலகில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவார். ஏறாதவரை தாமிரம் கட்டுண்டு கிடக்கிறது என்று பொருள். மண்ணுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். களியிலும் மக்கிலும் ஒட்டிக்கிடக்கும் தாமிரமும் துத்தநாகமும் அமிலம் கூடினால் விடுபட்டு மண்ணின் ஈரத்தில் கரைகின்றன. துத்தநாக ஆக்சைடு நானோ துகளும் அமில மண்ணில்தான் அதிகம் கரைகிறது. மண்புழு ஈரத்தோலால் மூச்சு விடும் பிராணி. கரைந்தது தோல் வழியாகவே உள்ளே போய்விடும். அமிலமும் அந்தத் தோலில் உலோகத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டுச் சிறிது தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கரையும் அளவு பெருகும்போது அந்தத் தடுப்பு பெரும்பாலும் போதுவதில்லை. புழு உடனே செத்து மிதந்தால் நமக்குத் தெரிந்துவிடும். அப்படி நடப்பதில்லை. முதலில் முட்டைக்கூடுதான் குறைகிறது.

இந்தப் பொருட்களைச் சோதிக்கும் முறையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பல நாடுகளும் பின்பற்றும் 1984ஆம் ஆண்டின் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) முறையில் மணல் 70 சதவீதம், வெண்களி 20, மக்கிய பாசி (பீட்) 10 என்று கலந்து, கார அமில நிலையை 6 அளவில் வைத்து, ஐசீனியா ஃபெடிடா புழுவை விட்டுப் பார்க்கிறார்கள். அது உரக்குழியில் சாணத்தில் வளரும் புழு. நம் வயலில் உழைப்பது லாம்பிட்டோ மௌரிட்டி. என் மேட்டு நிலமோ 6ஐ எட்டவே இல்லை.

நானோ உரத்தை நான் எதிர்க்கவில்லை. அதில் தெளிக்கும் அளவு குறைவு, துத்தநாகப் பற்றாக்குறை உள்ள வயலுக்கு அது தேவையும்கூட. ஆனால் தாமிரம் மக்கி மறைகிற பொருள் அல்ல. வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். எனவே டப்பாவில் பயிரின் பெயர் போடும் இடத்திலேயே மண்ணின் கார அமில நிலைக்கும் ஒரு வரி அச்சிட வேண்டும். விற்பவர் மண்வள அட்டையைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் நம் முந்திரிக்காட்டுச் செம்மண்ணை அள்ளி, நம் புழுவையே விட்டு, சுண்ணாம்பு இட்டும் இடாமலும் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். அது வரும்போது தங்கள் வேளாண் பக்கத்தில் முழுமையாகப் போடுங்கள்.

இப்போது நான் தெளிப்பானை மரத்தடியில் கழுவுவதில்லை.

இப்படிக்கு,
பலா விவசாயி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.