மியூசிடோராவின் கலைவாழ்வு: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. தெளிந்த கண்ணோடு தாங்கள் முதலில் உட்கார்ந்து பார்த்தது ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஓடும் 'லே வாம்பீர்' என்ற பிரெஞ்சு மௌனத் தொடர்படம் என்று அறிந்தபோது மகிழ்ச்சி இன்னும் கூடியது. இங்கே வீட்டில் அனைவரும் நலம். மாலை நேரங்களில் பழைய பிரெஞ்சு மௌனப்படங்களைத் தேடிப் பார்ப்பதுதான் சில காலமாக என் வேலையாக இருக்கிறது. ஆகவே தங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றுகிறது.

அதில் இர்மா வெப் என்ற கொள்ளைக்காரியாக நடித்த மியூசிடோரா, அந்த வேடத்தின் கறுப்பு உடையைக் களைந்த பிறகு என்ன ஆனார், அந்த ஒரு வேடத்தோடு அவருடைய கலைவாழ்வு முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முடியவில்லை. திரைப்பட வரலாற்றை எழுதியவர்களில் பலர் அந்த வேடத்தோடு நின்றுவிட்டார்கள் என்பதே என் நெடுநாள் குறை. மியூசிடோராவின் மிகத் துணிச்சலான வேலை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருடைய இயற்பெயர் ழான் ரோக். 1889-இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை இசையமைப்பாளர், சோஷலிசக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். தாய் பெண்ணுரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தவர். தியோஃபில் கோத்தியே எழுதிய நாவல் ஒன்றின் நாயகியிடமிருந்து மியூசிடோரா என்ற பெயரை எடுத்துக்கொண்டு மேடையேறினார். அவர் நடித்த முதல் படங்களில் ஒன்று, தையல் வேலை செய்து வயிறு கழுவும் பெண்களின் துயரத்தைப் பற்றியது. 'மக்கள் சினிமா' என்ற பெயரில் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டுறவாக நடத்திய அமைப்பு அதைத் தயாரித்து 1914-இல் திரையிட்டது. கொள்ளைக்காரியாக உலகம் நினைவில் வைத்திருக்கும் ஒருவர் இப்படி ஒரு படத்தில் தொடங்கினார் என்பதைப் பலரும் கடந்துவிடுகிறார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சுக்கும் பிற்காலத்தில் அவர் தம் காலிலேயே நிற்க முனைந்ததற்கும் தொடர்பு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஃபோலி பெர்ழேர் அரங்கில் அவரைக் கண்டு கோமோன் திரைப்பட நிறுவனத்துக்கு அழைத்தவர் இயக்குநர் லூயி ஃபுயாத். 1915 இறுதியில், போட்டி நிறுவனமான பாத்தே, பெர்ல் வைட் நடித்த அமெரிக்கத் தொடர்படத்தைப் பிரான்சில் வெளியிடப்போகிறது என்று தெரிந்ததும், அதை முந்திக்கொள்ள கோமோன் அவசரமாகத் தொடங்கியதுதான் 'லே வாம்பீர்'. பத்துப் பகுதிகள், 1915 நவம்பரிலிருந்து 1916 ஜூன் வரை வெளிவந்தன. பெயரைக் கேட்டு இரத்தம் குடிக்கும் பேய்க்கதை என்று வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். பாரிஸைக் கலக்கும் ஒரு கொள்ளைக் கும்பலின் கதை அது. மியூசிடோரா மூன்றாம் பகுதியில்தான் வருகிறார். இரவு விடுதியின் வாசலில் ஒட்டப்பட்ட விளம்பரத்தில் இர்மா வெப் என்ற பெயரைப் பத்திரிகையாளன் ஃபிலிப் கூர்ந்து பார்க்கிறான். அவன் கண்முன்னே அந்தப் பெயரின் பிரெஞ்சு எழுத்துகள் இடம்மாறி 'வாம்பீர்' என்று நிற்கின்றன. தாங்களும் அந்த இடத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதுவே நேர்ந்தது.

அவருடைய நடிப்பில் எது இன்னும் மங்காமல் இருக்கிறது என்று யோசித்தால், நடையும் உடலின் கட்டுப்பாடும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஃபுயாத் கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, அறை முழுவதும் தெரிய, நடிகர்கள் தலைமுதல் கால்வரை சட்டகத்துக்குள் இருக்கும்படியே பெரும்பாலும் எடுத்தார். முகத்தை நெருங்கிக் காட்டும் காட்சிகள் மிகக் குறைவு. அப்படி எடுக்கும்போது நடிகர் முதுகாலும் தோளாலும் கூட நடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆறாம் பகுதியில், உடலோடு ஒட்டிய கறுப்பு உடையும் தலைமூடியும் அணிந்து, விடுதியின் நடைவழியில் சுவரோரமாக நகர்ந்து அடுத்தவர் அறைக்குள் நுழைகிறாரே, அதை மறுபடி பாருங்கள். அவசரம் எங்கும் இல்லை. அன்றைய படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது என்பதால் உதட்டுச் சாயம் கறுப்பாகவே விழும். வெள்ளைப் பூச்சுக்கு நடுவே மை தீட்டிய அந்தப் பெரிய கண்கள் இருண்ட அறையிலும் தனியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆபத்தான காட்சிகளிலும் அவரே நடித்தார். எட்டாம் பகுதியில், கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் வெடித்த பிறகு, ரயில் பெட்டிக்கு அடியில் ஒளிந்து வந்து நிலைய ஊழியர்கள் கண்ணில் படும் இர்மா வெப்பின் சோர்ந்த முகத்தைப் பார்த்தபோது, கொலைகாரி என்று தெரிந்தும் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை வரவழைத்தது கதையா, நடிகையா என்றால், நடிகை என்றே சொல்வேன்.

போர்க்காலம் என்பதையும் மறக்கக் கூடாது. நடிகர்கள் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்கள். ஃபுயாத் கதையை எழுதிவைத்து எடுக்காமல் நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டே போனார். கும்பலின் தலைவன் ஒருவன் சாக, அடுத்தவன் வர, அவனும் சாக, முழுத் தொடரையும் தாங்கிப் பிடித்தவர் மியூசிடோரா ஒருவர்தான். திரையில் தெரியும் ஆளில்லாத பாரிஸ் தெருக்கள் உண்மையாகவே அந்த ஆண்டுகளின் தெருக்கள். குற்றத்தைப் போற்றுகிறது என்று காவல்துறை சிறிது காலம் படத்துக்குத் தடையும் விதித்தது. அந்தப் படத்தைப் போர்க்காலத்தில் பார்த்த இளைஞர்களான லூயி அரகோனும் ஆந்த்ரே பிரெத்தோனும் பின்னர் கனவையும் ஆழ்மனத்தையும் கலைக்கு ஊற்றாகக் கொண்ட சர்ரியலிஸ்டுகளாகப் பெயர் பெற்று, 1928-இல் மியூசிடோராவுக்காகவே ஒரு நாடகம் எழுதினார்கள். கவிஞர்களின் இந்த வழிபாடு அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. அதே சமயம் அவரை அந்தக் கறுப்பு உடைக்குள்ளேயே பூட்டியும் வைத்தது.

1917-இல் வெளிவந்த 'ழூடெக்ஸ்' தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முந்தைய படத்தின்மேல் எழுந்த கண்டனத்துக்குப் பதிலாக, நீதியின் பக்கம் நிற்கும் நாயகனை ஃபுயாத் அதில் படைத்தார். குழந்தைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை வேடத்தில் வங்கியாளர் வீட்டுக்குள் நுழையும் தியானா மோன்டியாக மியூசிடோரா வருகிறார். நல்லவர்கள் நிறைந்த அந்தப் படத்தில் உயிரோட்டம் அவர் வரும் இடங்களில்தான் இருக்கிறது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். மேடை நாட்களிலிருந்தே எழுத்தாளர் கொலெத் அவருக்கு நெருங்கிய தோழி. ஃபுயாத்திடம் நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மியூசிடோரா கொலெத்தின் கதைகளைப் படமாக்க முனைந்தார். 'லா வகபோந்த்' என்ற நாவல் இத்தாலியில் படமானபோது நாயகியாக நடித்தார். 1918-இல், கொலெத் திரைக்கென்றே எழுதிக் கொடுத்த கதையைத் தாமே முன்நின்று எடுத்தார். இந்தக் கொலெத் படங்களில் ஒன்றைக்கூட இன்று நம்மால் பார்க்க முடியவில்லை என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது. ஒரு பெண் எழுதி, அவருடைய தோழி இயக்கி நடித்த மௌனப்படம் கையில் இருந்திருந்தால், அவரைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும்.

தம் பெயரிலேயே தயாரிப்பு நிறுவனமும் தொடங்கினார். பணம் போடுவது, கதை எழுதுவது, இயக்குவது, நடிப்பது என்று நான்கையும் ஒருவரே சுமப்பது இன்றும் எளிதன்று; நடிகைக்கு அழகும் ஒப்பந்தமும் போதும் என்று கருதிய அந்நாளில் அது எத்தகைய முயற்சி என்பதைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். பியேர் பெனுவாவின் நாவலைத் தழுவி, அரியணை உரிமைக்காக ஸ்பெயினில் நடந்த கார்லிஸ்டுப் போரைப் பின்னணியாகக் கொண்டு, 1921-இல் ழாக் லசேனுடன் சேர்ந்து இயக்கிய 'பூர் தோன் கார்லோஸ்' அவருடைய பெரிய கனவு. அதில் கைப்பணம் கரைந்தது. வேறு யாராக இருந்தாலும் பாரிஸுக்குத் திரும்பிப் பழைய வில்லி வேடங்களைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். மியூசிடோரா ஸ்பெயினிலேயே தங்கிவிட்டார்.

அங்கே, குதிரைமேல் அமர்ந்து காளையோடு போராடும் புகழ்பெற்ற வீரர் அன்டோனியோ கன்யேரோவின் மேல் அவருக்குக் காதல் ஏற்பட்டது. அந்தக் காதலைக் காட்டிலும் அங்கே அவர் எடுத்த இரண்டு படங்கள் எனக்கு முக்கியம். 1922-இல் வந்த 'வெயிலும் நிழலும்' படத்தில் இரட்டை வேடம்: விடுதியில் பணிபுரியும் எளிய ஸ்பானியப் பெண் ஹுவானா, அவளுடைய காதலனைப் பறித்துக்கொள்ளும் பொன்னிறக் கூந்தல் கொண்ட அயல்நாட்டுச் சீமாட்டி. பறிகொடுத்தவளும் பறித்தவளும் ஒரே முகம். சீமாட்டியாக நடிக்கும்போது இர்மா வெப்பின் சாயல் கொஞ்சம் இருக்கிறது. ஹுவானாவாக வரும்போது அது துளியும் இல்லை. சுட்டெரிக்கும் வெயிலில் வெளுத்த சுவர்கள், கறுப்புச் சால்வை, அசையாமல் நிற்கும் ஒரு பெண் என்று இவ்வளவு சிக்கனமாக ஒரு மனவேதனையைச் சொன்ன படங்களை அந்தக் காலத்தில் நான் அதிகம் கண்டதில்லை. 1924-இல் வந்த 'காளைகளின் நிலம்' இன்னும் விசித்திரமானது. காளைகளைப் பற்றிப் படமெடுக்கத் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவுக்கு வரும் பாரிஸ் நடிகையாக, அதாவது தாமாகவே, அவர் நடிக்கிறார். பாதி ஆவணப்படம், பாதி நகைச்சுவை. திரையிடும்போது இடையே அவரே மேடையில் தோன்றி நடிக்கும்படியும் அமைத்திருந்தார். தம்மைப் பற்றிய புராணத்தைத் தாமே அவிழ்த்துப் பார்க்கும் இந்தத் தெம்பு அவருக்கு எப்படி வந்தது என்று நான் வியக்கிறேன்.

1926-உடன் அவருடைய நடிப்பு வாழ்வு ஏறக்குறைய நின்றுவிட்டது. மறு ஆண்டு ஒரு மருத்துவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். 1944-இல் மணவிலக்கு நேர்ந்தது. இடைக்காலத்தில் நாவல்களும் நாடகங்களும் எழுதினார். பேசும் படம் வந்ததால் ஒதுக்கப்பட்டார் என்று தாங்கள் ஊகித்திருந்தீர்கள். நான் அதை ஏற்கவில்லை. பேசும் படம் பிரான்சில் பரவுவதற்கு முன்பே சொந்தப் படங்களில் நேர்ந்த பண இழப்பும் மாறிவிட்ட ரசனையும் அவரை ஓரத்துக்குத் தள்ளியிருந்தன.

1940களில் ஆன்றி லாங்லுவாவின் திரைப்படக் காப்பகமான சினேமாதெக் ஃபிரான்சேஸில் வேலைக்குச் சேர்ந்தார். மௌனப்படக் காலத்தில் பணிபுரிந்தவர்களின் நினைவுகளைத் திரட்டிப் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டார். சில வேளைகளில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலும் அமர்ந்திருந்தார் என்றும், சீட்டு வாங்கியவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்ததில்லை என்றும் சொல்வார்கள். படிப்பவர்கள் இதை ஒரு வீழ்ச்சியாக எடுத்துக்கொண்டு பரிதாபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் படங்கள் பல அழிந்துபோனதைக் கண்ட ஒருவர், மற்றவர்களுடைய வேலையாவது அழியாமல் இருக்க ஆவணங்களோடு உட்கார்ந்தார். 1950-ஐ ஒட்டி, 1925-இல் மறைந்த ஃபுயாத்தின் நினைவாக, அவருடைய படக்காட்சிகளைத் தொகுத்து 'லா மாழிக் இமாழ்' என்ற படத்தையும் செய்தார். 1957 டிசம்பரில் பாரிஸில் காலமானார். 1974-இல் பாரிஸில் பெண்களின் திரைப்பட விழாவை நடத்திய குழு தனக்கு மியூசிடோரா என்றே பெயர் வைத்துக்கொண்டது. அவர்கள் நினைத்தது கொள்ளைக்காரியை மட்டுமன்று, இயக்குநரையும்தான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆகவே அடுத்ததாகத் தாங்கள் பார்க்க வேண்டியது 'வெயிலும் நிழலும்'. நீளம் குறைவு, ஒரே மாலையில் முடிந்துவிடும், கண்ணுக்கும் சிரமம் இராது. 'ழூடெக்ஸ்' அதற்குப் பிறகு இருக்கட்டும். இர்மா வெப்பைவிடத் தியானா மோன்டியே தேர்ந்த நடிப்பு என்று நம் பழைய நண்பர் ஒருவர் என்னோடு வாதாடி வருகிறார். இரண்டையும் பார்த்த பிறகு தாங்கள் யார் பக்கம் என்று எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்