செருகியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பையும் ஃபைல் மேனேஜரையும் உருவாக்கித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். பென் டிரைவைச் செருகுகிறோம். அதன் விளக்கு மினுங்குகிறது. ஆனால் ஃபைல் மேனேஜரின் இடது ஓரத்தில் எதுவும் வரவில்லை. கழற்றித் திரும்பச் செருகுகிறோம், வேறு போர்ட்டில் போட்டுப் பார்க்கிறோம். அப்போதும் திரை வாய் திறப்பதில்லை. இந்த மௌனத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போன மாதம் ஒரு தோழி தன் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். ஆறு வருடப் படங்கள் அதில் இருந்தன. செத்துப்போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தார். டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதி வைக்கும் பதிவைப் பார்த்தேன். 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71' என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. சாதனத்தோடு பேச்சே ஒழுங்காக நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். கேபிளை மாற்றினேன், டிஸ்க் வந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. அதற்கு முன் இரண்டு நாள் அவர் தூங்கவில்லை.

அந்த இரண்டு நாளும் கர்னலுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எங்களைப் போன்றவர்கள் செய்வது எளிய காரியம்தான். யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் சாதனம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கேபிள், போர்ட், மின்சாரம் என்று பார்ப்போம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. சுழலும் டிஸ்க்குக்குச் சில நேரம் அதுவே போதாது. அங்கே தெரிந்து, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யில் தெரியாவிட்டால், டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) பக்கம் சந்தேகம். இரண்டிலும் தெரிந்தும் திறக்கவில்லை என்றால் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) அல்லது ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை). மூன்று கேள்விதான். இதை ஏன் கணினியே கேட்டுக்கொள்ளக் கூடாது?

டிரைவர் சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். சில டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் பதிப்புகளில், அப்டேட் செய்ததும், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் போன்ற துண்டுகள்) டிஸ்க்கிலிருந்து நீக்கப்பட்டுவிடும். மவுஸும் கீபோர்டும் வழக்கம்போல வேலை செய்யும். யுஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூல் அதுவரை ஏற்றப்படாமல் இருந்தால், பென் டிரைவ் மட்டும் வராது. ரீஸ்டார்ட் செய்தால் போதும், ஆனால் அது யாருக்குத் தோன்றும்? இத்தனைக்கும் அந்தச் சாதனம் 'நான் சேமிப்புக் கருவி' என்று 08 என்ற வகுப்பு எண்ணோடு தன்னை அறிமுகம் செய்துகொண்டுதான் உள்ளே வருகிறது. 08 வந்திருக்கிறது, எந்த டிரைவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படிக்க நிர்வாகி அனுமதிகூடத் தேவையில்லை. 'கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்' என்று ஒரு வரி காட்டினால் எத்தனை பேர் பிழைப்பார்கள்!

அப்புறம், எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஃபைல் சிஸ்டம் கட்டம். விண்டோஸில் சரியாகக் கழற்றாமல் பிடுங்கிய, விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் கொண்ட டிஸ்க்கை லினக்ஸ் ஏற்க மறுக்கலாம். மறுப்பது நியாயம், தரவுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் திரையில் வரும் செய்தியைப் பாருங்கள்: ஃபைல் சிஸ்டம் வகை தவறு, அல்லது ஆப்ஷன் தவறு, அல்லது சூப்பர்பிளாக் கெட்டது, அல்லது கோட்பேஜ் இல்லை, அல்லது வேறு ஏதோ பிழை. இதில் எதை எடுத்துக்கொள்வது? பயந்துபோனவர் டிஸ்க் மேலாண்மைக் கருவியைத் திறக்கிறார், அங்கே ஃபார்மட் தயாராக இருக்கிறது. 'விண்டோஸில் ஒருமுறை செருகிப் பிழை சரிபார்த்து, முறையாகக் கழற்றிக் கொண்டுவாருங்கள், உள்ளே இருப்பவை அனேகமாகப் பத்திரமாகவே இருக்கும்' என்று அங்கேயே எழுதி வையுங்கள். தயவுசெய்து.

உங்கள் உழைப்பு தெரியாமல் எழுதவில்லை. எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் கொண்ட பென் டிரைவுக்காகத் தனி மென்பொருள் நிறுவிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2020-இல் கர்னல் 5.7-இல் நல்ல டிரைவர் வந்த பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. சில டிஸ்ட்ரோக்களில் கர்னல் பதிவைப் பார்க்க நிர்வாகி அனுமதி கேட்பதன் பாதுகாப்புக் காரணமும் புரிகிறது. பதிவு முழுவதையும் திறந்துவிடச் சொல்லவில்லை. பின்னணியில் ஓடும் ஒரு சேவை அதைப் படித்து, செருகியவருக்கு ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதித் தர நான் தயார். தோழியின் பழைய கேபிளையும் தூக்கிப் போடவில்லை. இப்போதும் அது எரர் -71 தருகிறது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டெஸ்க்டாப்பைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்