முதலில் வரையறை, அப்புறம் பட்டியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயங்கரவாதத்துக்கு எதிராக உலக நாடுகள் ஒரே குரலில் பேச வேண்டும் என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். சரி, யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் எதைப் பயங்கரவாதம் என்று சொல்வது என்பதிலேயே அந்த நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை, அதைப் பற்றி உங்கள் தலையங்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கான விரிவான உடன்படிக்கை ஒன்றை இந்தியா ஐ.நா.வில் முன்வைத்தது 1996-ல். அது இன்றுவரை வரைவாகவே கிடக்கிறது. அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் எடுப்பவரை என்னவென்று அழைப்பது, ஒரு நாட்டின் ராணுவமே பொதுமக்களைக் கொன்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற இரண்டு இடங்களில்தான் முக்கியமாக வண்டி நிற்கிறது. இரண்டுமே லேசான கேள்விகள் இல்லை, அதனால் கூட்டம் கூடுவதும் கலைவதுமாகவே காலம் போய்விட்டது.

ஆனால் தண்டிக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 28 அன்று பாதுகாப்பு கவுன்சில் 1373-ம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதைக் குற்றமாக்கு, சொத்துகளை முடக்கு என்று எல்லா நாடுகளுக்கும் அதில் உத்தரவு இருக்கிறது, பயங்கரவாதம் என்றால் என்ன என்பது மட்டும் இல்லை. விளைவு, ஆளுக்கொரு விளக்கம் வைத்துச் சட்டம் போட்டார்கள். தனக்குப் பிடிக்காத பத்திரிகையாளரையும் போராட்டக்காரரையும் அதே சட்டத்தில் உள்ளே தள்ள பல அரசுகளுக்கு இது வசதியாகப் போயிற்று.

பயங்கரவாதத் தொடர்பு என்று பெயர் குறித்துச் சொத்துகளை முடக்கும் ஐ.நா. தடைப்பட்டியல் விவகாரம் இன்னும் மோசம். அல்கொய்தா தொடர்பான பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமானால் பாதுகாப்பு கவுன்சிலின் 15 உறுப்பு நாடுகளில் எதுவும் ஆட்சேபிக்கக் கூடாது. ஒரே ஒரு நாடு ‘நிறுத்தி வையுங்கள்’ என்றால் போதும், காரணத்தை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பின் தலைவர் மசூத் அசார் பெயரைச் சேர்க்கும் முயற்சி 2009-ல் தொடங்கியது. சீனா திரும்பத் திரும்பத் தடுத்து, கடைசியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 மே 1 அன்றுதான் சேர்த்தார்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் சவூதி தொழிலதிபர் யாசின் காதியின் கதை. 2001 அக்டோபரில் அவர் பெயர் அதே பட்டியலில் ஏறியது, சொத்துகள் முடங்கின. என்ன ஆதாரம் என்று அவருக்குக் காட்டவில்லை, பதில் சொல்லவும் வாய்ப்பில்லை. தன் தரப்பைச் சொல்லும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ல் தீர்ப்புச் சொன்ன பிறகும் ஐ.நா. பட்டியலிலிருந்து பெயர் நீங்க 2012 ஆகிவிட்டது. அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் வாதாட வரவில்லை. ஒரு மனிதனின் சொத்தைப் பதினொரு வருடம் முடக்கி வைப்பவர்கள் ஏன் என்றாவது சொல்ல வேண்டாமா?

காற்று மாறினால் பட்டியலும் மாறும். நெல்சன் மண்டேலா நோபல் வாங்கி, அதிபராக இருந்து, ஓய்வும் பெற்ற பிறகு, 2008 வரை அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தார் என்பதை இப்போது சொன்னால் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் அல்கொய்தாவின் சிரியா கிளையை நடத்திய அகமது அல் ஷரா தலைக்கு அமெரிக்கா 1 கோடி டாலர் அறிவித்திருந்தது. அவர் சிரியாவின் அதிபரான பிறகு, 2025 நவம்பரில் பாதுகாப்பு கவுன்சில் அவரைத் தடையிலிருந்து விடுவித்தது, சில நாட்களில் அவர் வெள்ளை மாளிகையில் அமர்ந்திருந்தார். சிரியா மக்களுக்கு அது நல்லதாகவே முடியலாம், ஆனால் இதை விதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காதி வழக்கு மாதிரியான நெருக்கடிகளால்தான் 2009-ல் பெயர் நீக்கக் கோரிக்கைகளை விசாரிக்கத் தனி அதிகாரி ஒருவரை ஐ.நா. ஏற்படுத்தியது. உருப்படியான வேலை. ஆனால் அது அல்கொய்தா, ஐ.எஸ். பட்டியலுக்கு மட்டும்தான், மற்ற தடைப்பட்டியல்களில் மாட்டியவர்களுக்குக் கிடையாது. அதை எல்லாப் பட்டியலுக்கும் விரித்துவிட்டு, பெயரைத் தடுக்கும் நாடு காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியையும் கொண்டுவரச் சொல்லி எழுதுங்கள். உடன்படிக்கை வரும்வரை இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்